பின்வரிசை, இடமிருந்து இரண்டாவது

உங்கள் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது. படத்துக்குப் பக்கத்தில் சூடும் ஈரமும் கூடாது. நேற்று உங்கள் இளம் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் அதை வெறும் கையால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெருவிரல் நேரே படத்தின் மேல் இருந்தது. சற்று முன்னர்தான் ஏதோ பொரியல் சாப்பிட்டிருக்கிறார் என்பது மணத்திலேயே தெரிந்தது. விசாரணைக்கு வந்த இடத்தில் வாய்காட்டக் கூடாது என்று இப்போது எழுதிச் சொல்கிறேன்.

இதைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டது நான்தான். எனக்கு இங்கிலிஷ் நன்றாக வரும். ஆனால் நேற்று நீங்கள் தட்டெழுதிக் கொண்டுவந்து வாசித்த பத்திரத்தில் சில இடங்கள் பிழையாக இருந்தன. பொறுமையாக என் மொழியில் எழுதினால் பிழை வராது என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் செபமாலைமுத்து உங்களுக்கு மாற்றித் தருவார். நல்ல மனிதர். வார்த்தைக்கு வார்த்தை மூக்கை உறிஞ்சுகிறார், அதுதான் பக்கத்தில் இருந்து எழுத முடியவில்லை.

என் பெயர் சிவானந்தன். வயது நாற்பத்தாறு. லண்டனில், நோர்பரியில் தனியாக இருக்கிறேன். 1979இல் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தேன். படிப்பு சரிவரவில்லை. ஒரு போட்டோ லாப்பில் படம் கழுவும் வேலை கிடைத்தது. இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் யாருடனும் பேசாமல் நிற்கலாம். அந்த வேலையை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பழைய படங்களைத் திருத்துவதும் அங்கேதான் பழகினேன். கீறல் விழுந்த கன்னத்தை, பூச்சி அரித்த சட்டையை, இல்லாத காதை எல்லாம் தூரிகையால் சரிசெய்வேன்.

நீங்கள் என் வீட்டுச் சுவர்களைப் பார்த்துவிட்டு, பேஸ்போல் விளையாடியிருக்கிறேனா என்று கேட்டீர்கள். அந்த விளையாட்டை நான் இன்றுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 1984இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிக் லேன் சந்தையில் ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். எனக்குத் தேவைப்பட்டது பெட்டி. உள்ளே தடித்த மட்டையில் ஒட்டிய ஒரு படம் கிடந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சுரங்க ஊர், 1908. ஒன்பது இளைஞர்கள். நெஞ்சில் ஒரே எழுத்துத் தைத்த கம்பளிச் சட்டை. காலடியில் குறுக்காக வைத்த இரண்டு பேஸ்போல் மட்டைகள், நடுவில் ஒரு பந்து. படம் ஒட்டிய அட்டையின் கீழ் மூலையில் ஸ்டூடியோவின் பெயர் எழுத்து மேலெழும்பும்படி அழுத்தப்பட்டிருந்தது. எழுபத்தாறு வருஷமாக ஒரு கைரேகைகூடப் படாத படம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சுத்தமான மாதிரி இருந்தது.

ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்பது பேரில் ஒருவரும் எனக்குச் சொந்தம் இல்லை. அவர்களுக்காக அழுகிறவர்கள் யாரும் மிச்சம் இல்லை. ஒருவரும் என் கதவைத் தட்டி, “இது எங்கடை பெரியப்பா” என்று சொல்லி மேசையில் கண்ணீர் விடப்போவதில்லை. அதன் பிறகு இப்படிப்பட்ட பழைய பேஸ்போல் அணிப் படங்களைத் தேடித் தேடி வாங்கத் தொடங்கினேன். ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் படச் சந்தைகளுக்குப் போனேன், அமெரிக்க வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதினேன். 1920க்குப் பிந்திய எதையும் நான் தொடுவதில்லை. 1991இல் என்னிடம் நூற்று நாற்பத்து மூன்று படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் பஞ்சுக் கையுறை போட்டுத்தான் எடுப்பேன்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் லண்டனுக்கு வந்து குவியத் தொடங்கியது. அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த கல்யாணசுந்தரம் எனக்குப் பழக்கம். “ஐசே, சனம் படம் பெருப்பிக்க இடமில்லாமல் அலையுது. நான் வாங்கி வைக்கிறன், நீர் சனிக்கிழமையிலை வந்து எடும்” என்றார். அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. ஊரில் யாராவது செத்துவிட்டால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவுமலர் அச்சடிப்பது எங்கள் வழக்கம். அதற்கு முன்பக்கத்தில் போட ஒரு முகம் வேண்டும்.

அந்தப் படங்கள் வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று நாடு கடந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது, வேர்வையில் ஊறி ஒட்டிக்கொண்டிருக்கும். அடையாள அட்டையிலிருந்து பிய்த்தது, பாதி முத்திரை முகத்தில் கிடக்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் செத்தவர் யார் என்று எனக்குக் காட்ட, தலைக்கு மேல் பேனையால் அம்புக்குறி போட்டிருப்பார்கள். சிலதில் மஞ்சள் கறை, மீன்குழம்பு வாசம். பத்தொன்பது வயதுப் பெடியனுக்குக் கோட்டும் டையும் போட்டுத் தரச் சொல்வார்கள். மூடிய கண்ணைத் திறந்து தரச் சொல்வார்கள். எல்லாம் செய்து கொடுத்தேன். ஒருவரும் என்னிடம் குறை கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். துக்கப்படுகிறவர்களால் எதையும் தொடாமல் இருக்க முடியாது. முத்தம் கொடுப்பார்கள், தடவுவார்கள், நெஞ்சோடு வைத்து அழுத்துவார்கள். கடைசியில் அழிந்துபோயிற்று என்று என்னிடம் கொண்டுவருவார்கள்.

1991 ஒக்டோபரில் வசந்தமலர் கடைக்கு வந்தபோது தற்செயலாக நானும் அங்கே நின்றேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லோன்றி ஒன்றில் ஷிப்ட் வேலை செய்கிற பெண். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. பிளேஸ்டோவில் தகப்பன் பரமேஸ்வரனோடு இருந்தாள். பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றியிருந்த படத்தை, மரக்கறிப் பெட்டிக்கு மேலேயே வைத்து விரித்தாள்.

“அண்ணை, இந்தச் சந்தனத்தைத் துடைச்சு, முகத்தை மட்டும் பெரிசாக்கித் தர ஏலுமோ? இவர் அப்பாவின்ர தகப்பன். அப்பாவுக்கு ஒரு கண் போயிட்டுது. மற்றதும் கனநாளைக்கு இராதெண்டு டொக்டர் சொல்லீட்டார். அதுக்கு முதல் தகப்பன்ர முகத்தை ஒருக்காப் பாக்கோணுமாம்.”

நான் குனிந்து பார்த்தேன். வடபகுதியில் ஒரு அமெரிக்க மிஷன் பாடசாலை. முன்னால் ஒரு கற்பலகையில் 1912 என்று வெண்கட்டியால் எழுதியிருக்கிறது. நடுவில் வைக்கோல் தொப்பியோடு ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் இருக்கிறார். அவரைச் சுற்றி ஒன்பது தமிழ் மாணவர்கள், வேட்டி, கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு, வெறுங்கால், நாலைந்து பேருக்குக் குடுமி. காலடியில் குறுக்காக இரண்டு பேஸ்போல் மட்டைகள். பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நின்றவர், பந்து பிடிக்கிறவர் முகத்தில் போடும் கம்பிக்கூட்டை இடியப்பத் தட்டுப் பிடிப்பதுபோல நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். அவருக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் கபிலமுமாக ஒரு பொருக்கு. நடுவில் குங்குமம். வெடித்து, மூலை எழும்பி, பழைய புண் மாதிரி.

நடந்தது இவ்வளவுதான். லண்டனுக்கு வரும் வழியில் சட்டத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது. புதுக் கண்ணாடி போடவில்லை. பரமேஸ்வரன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்துவிட்டு, குசினியில், சமையல் சாமான் அலுமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த தகப்பனுக்குப் பொட்டு வைப்பார். தொடக்கத்தில் நெருப்புக்குச்சியின் நுனியால் நெற்றியில் தொட்டு வைத்தாராம். கண் மங்க மங்க விரலால் வைத்திருக்கிறார். படத்தில் தலை சுண்டுவிரல் நகத்தளவு. ஏழு வருஷத்து வெள்ளிக்கிழமைகளில் தகப்பனின் முகத்தை மகனே பூசி மூடிவிட்டார். அந்தத் தகப்பன் இவர் பிறந்து மூன்றாம் மாதம் காய்ச்சலில் செத்தவர். இதைத் தவிர அவருக்கு வேறு படம் கிடையாது.

பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இப்படி ஒரு படம் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்க முடியாது. அமெரிக்க வியாபாரிகளின் பட்டியல்களை ஏழு வருஷமாக வரிவரியாகப் படித்தவன் நான். வெறுங்காலோடு நிற்கிற பேஸ்போல் அணி ஒன்றை எவரும் கண்டதில்லை. அது பிளேஸ்டோவில் ஒரு குசினியில், ஊதுபத்திப் புகைக்குள், ஒரு கிழவரின் ஈர விரலுக்குக் கீழே கிடந்திருக்கிறது. நான் மூன்று கிழமை தவணை கேட்டேன்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அப்படியே, பொருக்கும் தெரியும்படி படம் எடுத்து, அதே அளவில் பிரதி ஒன்று செய்தேன். வேறொரு பழைய மட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு, பின்புறம் கபில நிற ஒட்டு ரேப்பால் சுற்றி ஒட்டினேன். இனி விரல் போகாது. முகத்தைப் பெரிதாக்குவதுதான் பிரச்சினை. பொருக்கைத் தொட எனக்கு அப்போது மனம் வரவில்லை. ஆகவே பக்கத்தில், மூன்றாவதாக நின்றவரின் முகத்தைப் பெரிதாக்கினேன். அழகான, பழுதில்லாத முகம். கண் தெரியாத மனிதருக்கு இது போதும் என்று நினைத்தேன்.

இரண்டையும் நானே பிளேஸ்டோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரமேஸ்வரன் பெரிய படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியைப் பிடித்து, மூக்கு முட்ட வைத்துப் பார்த்தார். பத்து நிமிஷம் இருக்கும். மூக்கு பட்ட இடத்தில் படத்தில் எண்ணெய் மினுங்கியது.

“இது ஐயா இல்லை” என்றார். ஐயா என்று அவர் சொல்வது தன் தகப்பனை.

“அப்பா, உங்களுக்கு இப்ப எல்லா முகமும் ஒண்டுதானே” என்றாள் வசந்தமலர்.

“எனக்குக் கண்தான் மங்கல், பிள்ளை. இது பக்கத்திலை நிக்கிறவர்.” பிறகு சட்டத்தை வாங்கி, பின்புறத்தையும் ஓரத்தையும் தடவினார். “இது எங்கடை மட்டையும் இல்லை. இவர் மாத்திப்போட்டார்.”

வசந்தமலருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் கோபப்படவில்லை. எண்பது வருஷத்து அழுக்குப் போனால் முகம் புதிதாகத்தான் தெரியும், வயதானவர்களுக்கு அது பிடிபடாது என்று விளங்கப்படுத்தினேன். தேநீர் தந்தாள். கோப்பையின் விளிம்பில் யாருடைய உதடோ பட்ட அடையாளம் இருந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, தகப்பனை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினார். கோயிலில் சொன்னார். தபால்காரனிடம் சொன்னார். குடும்ப வைத்தியரிடமும் சொன்னார். அவருக்கு மூளை தட்டிவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். வைத்தியர் ஏதோ குளிசை எழுதிக் கொடுத்தார். வசந்தமலர் ஒருநாள் ரெலிபோன் எடுத்தாள். “அண்ணை, அவர் சொல்லுறதிலை ஏதும் உண்மை இருக்குமோ?” என்று மெதுவாகக் கேட்டாள். “வயசு போனால் இப்பிடித்தான், தங்கச்சி. நீங்கள் மனதைத் தளரவிடாதேங்கோ” என்றேன். படங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் நம்பினாள்.

டிசம்பரில் பொருக்கைச் சுத்தம் செய்தேன். காய்ச்சி வடித்த நீரும் பஞ்சும். ஒரு முழு மத்தியானம் செலவழித்தேன். அந்தக் காலத்துப் படங்களில் உருவம் ஒரு மெல்லிய பசைப்படலத்தில் இருக்கிறது. ஈரச் சந்தனம் அதற்குள் ஊறி இறுகிவிட்டது. பொருக்கு எழும்பியது. முகமும் அதோடு எழும்பி வந்துவிட்டது. கீழே வெள்ளைக் கடதாசி. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கிழவர் முன்னால் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. உலகத்தில் ஒன்றே ஒன்றான படத்தை ஒரு மனிதர் பக்தியால் தின்று முடித்திருக்கிறார்.

தை மாதத்தில் பரமேஸ்வரன் இறந்தார். தென் லண்டனில் ஒரு பூங்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நாய் நடத்தப் போனவர்கள், ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்தபடியே இறந்திருந்த அவரைக் கண்டார்கள். இரவு நல்ல உறைபனி. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நினைவுமலருக்குப் படம் கேட்டு வசந்தமலர் நோர்பரிக்கு வந்தாள். 1939இல், தபால் கந்தோரில் வேலை கிடைத்தபோது பரமேஸ்வரன் எடுத்த படம், இருபத்தைந்து வயது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்ததாம். “சனிக்கிழமை ஓவர்டைம் எண்டு போனனான், அண்ணை. கதவைப் பூட்டாமல் போட்டன். நான்தான் அவரைக் கொண்டுபோட்டன்” என்று சொல்லி என் வேலை மேசையில் தலையை வைத்து அழுதாள். அப்படி நினைக்கக் கூடாது என்று ஆறுதல் சொன்னேன். அவள் போனபிறகு மேசையை மதுசாரம் போட்டுத் துடைத்தேன். மலரின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், ஐயர், கோயில் சபை ஆகியோருக்கு அடுத்ததாக என் பெயர் இருந்தது.

வெள்ளை ஓட்டையோடு அந்தப் படத்தை ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் விழுந்த வாய் மாதிரி அது என்னை அருவருக்க வைத்தது. 1993இல் ஒரு லீவு நாளில், நினைவுமலருக்காகப் பிரதியெடுத்த பரமேஸ்வரனின் இளவயதுப் படத்தின் நெகட்டிவ் என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அதே திசையில் திரும்பிய முகம். நகத்தளவில் அச்சடித்து, படலத்தை உரித்து, அந்த இடத்தில் வைத்து, ஓரங்களைத் தூரிகையால் சேர்த்தேன். தகப்பனும் மகனும்தானே, சாயல் இருந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. தழும்பை அழிக்கவில்லை. ஒரு முகத்தில் உள்ளதை உள்ளபடி விடுவது என் தொழில் ஒழுக்கம்.

அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. இந்த வருஷம் சித்திரையில் பழம்பட சேகரிப்பாளர்கள் ஒரு சிறிய காட்சி வைத்தார்கள். பதினொரு வருஷச் சேகரிப்பில் ஒரேயொரு படத்தையாவது நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசையில் கொடுத்தேன். வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, எங்கள் கடைகளில் இலவசமாகக் கிடக்கும் தமிழ் மாதப் பத்திரிகை ஒன்று அதை முன்பக்கத்தில் போட்டுவிட்டது. “1912இலேயே பேஸ்போல் ஆடிய தமிழர்” என்று பெரிய எழுத்தில் தலைப்பு. தமிழன் முன்னர் எதையோ செய்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கல்யாணசுந்தரம் அதைக் கட்டுக்கட்டாகத் தன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். முருங்கைக்காய் வாங்க வந்த வசந்தமலர் அதைப் பார்த்தாள்.

அவள் உங்களிடம் முதல் தடவை வந்து, தன் தகப்பன் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னர் எடுத்த படத்தில் தகப்பன் நிற்கிறார் என்று சொன்னபோது நீங்கள் சிரித்ததாகக் கேள்வி. இரண்டாம் தடவை நினைவுமலரையும் கொண்டுவந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புருவத்தைக் காட்டியிருக்கிறாள். உங்கள் சனத்தை விட எங்கள் சனத்துக்கு முகம் பார்க்கத் தெரியும்.

இனி நீங்கள் எழுதிய பத்திரத்துக்கு வருகிறேன். படத்தைத் திருடியதாகவும், போலி செய்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் கையெழுத்துப் போடலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தில், படத்தின் உரிமையாளர் மனம் தடுமாறிய நிலையில் வீட்டை விட்டுப் போய், வழிதவறி இறந்தவர் என்று ஒரு வரி இருக்கிறது. அது பிழை. ஒரு படம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்ற வரலாறு சரியாக இல்லாவிட்டால் அந்தப் படத்துக்கு மதிப்பே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் தேட வேண்டாம்.

அவர் மனம் தடுமாறவும் இல்லை, வழிதவறவும் இல்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் கதவு மணி அடித்தது. ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றார். நெற்றியில் சந்தனம். மூக்கில் சளி வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நின்றபடியால் உள்ளே விட்டேன். வசந்தமலரிடம் நான் கொடுத்திருந்த என் முகவரி அட்டையைக் கண்டவர்களிடமெல்லாம் காட்டி, பிளேஸ்டோவில் பாதாள ரயில் ஏறி, விக்டோரியாவில் மாறி வந்திருக்கிறார். பாதிக் கண்ணோடு. என்னாலேயே நம்ப முடியவில்லை.

“தம்பி, நான் சண்டை பிடிக்க வரேல்லை” என்றார். “படம் உம்மட்டையே கிடக்கட்டும். எனக்குப் பிறகு அதை ஆர் பாக்கப் போகினம்? சந்தனத்தைத் துடைச்சுப்போட்டு ஒருக்கா எனக்குக் காட்டும். கண் கொஞ்சம் இருக்கேக்கை காட்டும். அவ்வளவுதான்.”

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த நிமிஷத்தில் அவர் படத்தைத் தம் வாயாலேயே எனக்குத் தந்துவிட்டார். திருட்டு என்று எழுதியிருப்பதுகூட முழுச் சரி இல்லை.

காட்டுவதற்கு முகம் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல எண்ணினேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவர் எழுந்து சுவரோரமாகப் போய்விட்டார். தகப்பனை அங்கே தேடத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு படமாக, கண்ணாடியில் மூக்கை வைத்து, மூச்சு விட்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “இது வெள்ளைக்காரர்”, “இதுவும் வெள்ளைக்காரர்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏழு வருஷமாகக் கையுறையோடு நான் காத்த முகங்களின் மேல் சளியும் சந்தனமும் இழுபட்டன. ஆறாவது படத்தில் கையை வைத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“படம் இங்கை இல்லை” என்றேன். “துடைச்சு முடிச்சாச்சு. வசந்தமலரிட்டைக் குடுத்திட்டன். அவ அதைக் கொண்டு பூங்காவுக்கு வாறா. வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்.”

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி உடனே வந்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம். சட்டைக் கைக்கு மேலால் அவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பூங்கா எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் நாலரைக்கு வாசலைப் பூட்டுவார்கள் என்று பலகை போட்டிருக்கும். புற்றரைக்குப் பின்னால், சாமான் வைக்கும் கொட்டிலுக்கு மறைவில் ஒரு வாங்கு இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. அங்கே இருத்தினேன். அவருடைய கோட்டுப் பையிலிருந்த என் முகவரி அட்டையை எடுத்துக்கொண்டேன். அது மூலை மடிந்து ஊத்தையாக இருந்தது. நேரம் நாலு மணி.

“எழும்பி நடந்தியளெண்டால் அவ தேடித் திரிவா. இந்த இடத்தை விட்டு அசையாதேங்கோ” என்றேன்.

“ஓம் தம்பி. நான் அசையமாட்டன்.”

நான் திரும்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் அப்போதே நல்ல குளிர். “தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். படம் எடுக்கேக்கை எல்லாரும் இறுக்கிக்கொண்டு நிக்க, ஐயா மட்டும் சிரிச்சுப்போட்டார். சின்னச் சிரிப்பு, வாயின்ர ஒரு பக்கத்திலை. எனக்கு அவரிட்டை இருந்து கிடைச்சது அது ஒண்டுதான். நான் பூசிப் பூசி அதை அழிச்சுப்போட்டனோ எண்டு இந்த ஒரு வருஷமா எனக்கு நித்திரை இல்லை. சிரிப்பு இருக்குதோ?”

“இருக்குது” என்றேன். “அப்பிடியே இருக்குது.”

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று நான் நின்று பார்க்கவில்லை. வாசலைத் தாண்டும்போது காவலாளி வாசலைப் பூட்டத் திறப்புக் கோர்வையோடு வந்துகொண்டிருந்தார். உள்ளே ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

அன்றைக்கு அந்த மனிதருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னவன் நான் ஒருவன்தான். அதையும் உங்கள் பதிவில் சேர்த்துவிடுங்கள்.